டேங்குக்குள் இறங்குகிற கணவருக்கு எந்த மாஸ்க் வாங்குவது?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலமாக வேலை செய்கிறார். கிரைண்டிங், பைப் வேலை, டேங்க் கிளீனிங் என்று எது சொன்னாலும் செய்ய வேண்டும். முகத்துக்குத் துணி மாஸ்க்தான் தருகிறார்கள். சேஃப்டி ஷூவுக்கு 900 ரூபாய் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். சாயங்காலம் தலைவலியோடு வருகிறார். இரண்டு மாதமாக இருமல் வேறு. சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை போவதில்லை. அடுத்த மாதம் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு செய்கிற ஷட்டவுன், பெரிய டேங்குகளைச் சுத்தம் செய்யப் போகிறார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் "பத்து வருசமா எறங்குறேன், இன்னா ஆயிடுச்சு?" என்கிறார். பாரிமுனையில் நல்ல மாஸ்க் ஒன்று நானே வாங்கிக் கொடுக்கலாம் என்று சீட்டுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த மாஸ்க் வாங்குவது?
– வாசகி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர்

பதில்: சகோதரி, அந்தச் சீட்டுப் பணத்தை இப்போதைக்கு அப்படியே வையுங்கள். மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் 27 வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வேறு ஆபத்துகள் தெரிகின்றன. ஒன்று, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடம்புக்குள் போகிற வாடை. இன்னொன்று, இரண்டே நிமிடத்தில் ஆளை முடித்துவிடுகிற டேங்க். முதலாவதற்குச் சரியான மாஸ்க் ஓரளவு உதவும். இரண்டாவதற்கு நீங்கள் கடையில் வாங்குகிற எந்த மாஸ்க்கும் உதவாது. உதவும் என்று நம்பி அவர் இறங்கினால் அந்த நம்பிக்கையே வினையாகிவிடும். அதனால் டேங்கிலிருந்தே தொடங்குகிறேன்.

மாஸ்க் ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். இருக்கிற காற்றைச் சுத்தம் செய்யும். இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. நாம் சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 19.5-க்குக் கீழே போனால் ஆளை உள்ளே அனுப்பக் கூடாது. ஆக்சிஜன் குறைவதற்குக் கெமிக்கல் எதுவும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பல நாள் மூடிக் கிடந்த இரும்பு டேங்கில் வெறும் துருவே போதும். இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். அந்தக் காற்றில் வாடை இருக்காது, கண் எரியாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. கால் தள்ளாடும், அதற்கு அப்புறம் ஒன்றும் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் மட்டுமே நிரப்பி வைத்திருந்த டேங்க், வடித்துவிட்டு ரொம்ப நாள் மூடியே கிடந்தது. மேன்ஹோலைத் திறந்து மேலே ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தபோது ஸ்பேனர் ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. எடுத்து வருகிறேன் என்று ஒரு ஹெல்ப்பர் ஏணியில் இறங்கினார். கடைசிப் படிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர் "டேய், என்னடா ஆச்சு" என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார். மூன்றாவதாக ஒரு பையன் மேன்ஹோலில் கால் வைத்துவிட்டான். ஒரு வயதான மேஸ்திரி அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்துப் போட்டார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சட்டையின் பட்டன்கள் டேங்க் கூரைமேல் கிடந்தன. பையன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். இறங்கிய இருவரும் பிழைக்கவில்லை. அந்தப் பையன் இன்றைக்கு இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா.

அதனால் ஷட்டவுனுக்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் கேட்க வேண்டியது மாஸ்க் அல்ல. "கேஸ் டெஸ்ட் பண்ணியாச்சா? பர்மிட் எங்கே? வெளியே நிக்கிறது யாரு?" இந்த மூன்றும்தான். இவற்றை அவர் வாயால் சொல்லிப் பழகும் வரை நீங்கள் வீட்டில் விடாதீர்கள்.

கேஸ் டெஸ்ட் என்றால் மேன்ஹோலுக்கு வெளியே நின்று மீட்டரைக் காட்டிவிட்டு "ஓகே" என்று எழுதுவது இல்லை. குழாய் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் காற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் ஆக்சிஜன், அடுத்தது தீப்பிடிக்கும் வாயு, பிறகு விஷ வாயு. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஆக்சிஜன் குறைவாக இருந்தால் தீப்பிடிக்கும் வாயுவைக் காட்டுகிற சென்சார் பல மீட்டர்களில் தப்பாகக் காட்டும். காலையில் ஒரு தடவை பார்த்ததும் போதாது. அடியில் படிந்த ஸ்லட்ஜ் என்கிற சேற்றை மண்வெட்டி போட்டுக் கிளறும்போதுதான் அதற்குள் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, குனிந்து வேலை செய்கிறவர் முகத்துக்கு நேராக நிற்கும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை நின்றுவிடும். "வாடை போயிடுச்சு, இப்போ சரியாயிடுச்சு" என்று ஆட்கள் நினைப்பது அந்த நேரத்தில்தான். ஆகவே உள்ளே இருக்கிறவர் சட்டைக் காலரிலேயே மீட்டர் மாட்டியிருக்க வேண்டும், வேலை முடியும் வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பர்மிட் என்பது உள்ளே இறங்க எழுத்தில் தருகிற அனுமதி. அதில் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம், அந்த டேங்குக்கு வருகிற பைப்புகளை என்ன செய்தார்கள் என்பது. வால்வை மூடிவிட்டோம் என்பது பதில் இல்லை. வால்வு கசியும், யாராவது தெரியாமல் திறந்தும் விடுவார்கள். ஃபிளான்ஜை, அதாவது பைப் இணைப்பைக் கழற்றி, ப்ளைண்ட் என்கிற அடைப்புத் தகடு போட்டிருக்க வேண்டும். உள்ளே சுழன்று கலக்குகிற அஜிடேட்டர் இருந்தால் அதன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டு போட்டு, சாவியை இறங்குகிற ஆட்களின் பொறுப்பில் விட வேண்டும்.

காற்றுக்கு புளோயர் வைக்க வேண்டும். சில இடங்களில் புழுக்கம் தாங்காமல் கேஸ் கட்டிங் செட்டின் ஆக்சிஜன் ஹோஸை உள்ளே விட்டுத் திறந்துவிடுவார்கள். தயவுசெய்து உங்கள் வீட்டுக்காரரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். ஆக்சிஜன் கூடினால் ஒரு பொறியில் போட்டிருக்கிற சட்டையே குப்பென்று பற்றிக்கொள்ளும். உள்ளே கொண்டுபோகிற கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தீப்பிடிக்கும் ஆவி இருக்கிற டேங்கானால் அது தீயை வெளியே பரவவிடாத ஃபிளேம்ப்ரூஃப் விளக்காகவும் இருக்க வேண்டும்.

வெளியே நிற்கிற ஆள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். உடம்பு முழுக்கப் பிடிக்கிற பெல்ட், அதில் கட்டிய கயிறு, கயிற்றின் மறுமுனை மேன்ஹோலுக்கு வெளியே அவர் கையில் அல்லது மேன்ஹோல்மேல் நிறுத்துகிற மூன்று கால் தாங்கியில். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. டீ வாங்கி வர அனுப்பக் கூடாது. உள்ளே யாராவது சாய்ந்தால் அவர் செய்ய வேண்டியது கத்துவது, கயிற்றை இழுப்பது, ஃபயர் டீமைக் கூப்பிடுவது. இறங்குவது இல்லை. கூடப் பிறந்தவனே உள்ளே கிடந்தாலும், முதுகில் காற்று சிலிண்டர் கட்டாமல் இறங்கக் கூடாது. இதைக் கேட்க மனசு ஒப்பாது என்று எனக்குத் தெரியும். நம் ஆட்கள் நண்பனைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், குதித்துவிடுவார்கள். டேங்க் விபத்துகளில் காப்பாற்றப் போனவர்கள் சாவது அதனால்தான். கயிறு முன்கூட்டியே கட்டியிருந்தால் குதிக்க வேண்டிய அவசியமே வராது.

இதெல்லாம் என்னுடைய சொந்தக் கட்டளை இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவே, தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக் கருவியும் பெல்ட்டும் கயிறும் வெளியே ஆளும் வேண்டும் என்று சொன்னது. 24 வோல்ட் கணக்கு 36ஏ பிரிவில் இருந்தது.

"பத்து வருசமா எறங்குறேன்" என்பதற்கு என்ன பதில் சொல்வது என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. பத்து வருஷமும் அந்த டேங்குகளில் காற்று இருந்தது, அதனால் வெளியே வந்தார். ஒவ்வொரு தடவையும் இருந்ததா என்று பார்த்துவிட்டு இறங்கினாரா என்று மட்டும் கேளுங்கள். சண்டையாகக் கேட்காதீர்கள். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள்.

சரி, இனி தலைவலிக்கும் இருமலுக்கும் வருவோம். சட்டையில் வாடை தங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது "எந்த மாஸ்க்" என்பதல்ல, "அந்த ஆவி ஏன் அவர் நிற்கிற இடத்துக்கு வருகிறது" என்பதுதான். பம்ப் தண்டைச் சுற்றி அடைக்கிற கிளாண்ட் கசிகிறதா, டிரம் மூடி திறந்தே கிடக்கிறதா, உறிஞ்சி வெளியேற்றுகிற ஃபேன் ஓடவில்லையா, சால்வென்ட்டை, அதாவது கரைப்பானை வாளியில் ஊற்றி பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறார்களா? மூடியைப் போட்டால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு முகத்தில் ரப்பரைக் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் வேர்த்து வழிய வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் கவசம் எப்போதும் கடைசி. ஆபத்தை நீக்க முடியுமா, குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாற முடியுமா, மூடி வைக்க முடியுமா, உறிஞ்சி எடுக்க முடியுமா என்று பார்த்து, இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருக்கிறதற்குத்தான் மாஸ்க்கும் கையுறையும். நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. மாஸ்க் மலிவு, ஃபேன் செலவு.

அந்த மிச்சத்துக்கு எது சரி? துணி மாஸ்க் தூசிக்கே போதாது. என்95 தூசியையும் புகைத் துகளையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் ஆவியும் வாயுவும் அதற்குள் புகுந்து போய்விடும். தின்னர், டொலுயீன் மாதிரி ஆவிகளுக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாட்டிய ரப்பர் மாஸ்க் வேண்டும். அமில ஆவிக்கு வேறு கார்ட்ரிட்ஜ், அம்மோனியாவுக்கு வேறு. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அமெரிக்க முறையில் தின்னர் மாதிரியான கரிம ஆவிக்குக் கறுப்பு, ஐரோப்பிய முறையில் பழுப்பு. மஞ்சள் நிறம் இரண்டிலும் வேறு வேறு அர்த்தம். இரண்டு வகையும் நம் கடைகளில் கலந்து கிடக்கின்றன. அட்டையில் எதற்கு என்று எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும்.

எந்தக் கெமிக்கல் என்று தெரியாமல் நானும் சொல்ல முடியாது, கடைக்காரரும் சொல்ல முடியாது. அதற்குத்தான் எம்.எஸ்.டி.எஸ். என்கிற பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கிறது. ஒவ்வொரு கெமிக்கலுக்கும் ஒன்று உண்டு. 16 பகுதிகள், அதில் 8-ஆம் பகுதியில் எந்த மாஸ்க், எந்தக் கையுறை என்று போட்டிருக்கும். 4-ஆம் பகுதி முதலுதவி. உங்கள் வீட்டுக்காரர் அதன் முதல் பக்கத்தையும் அந்த இரண்டு பகுதிகளையும் போனில் போட்டோ எடுத்து வரட்டும். கம்பெனி உள்ளே போன் விடாது என்றால், டிரம் மேல் ஒட்டியிருக்கிற பெயரையாவது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வரட்டும்.

மாஸ்க் கிடைத்த பிறகு முகத்தில் ஒட்டிப் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். போட்டுக்கொண்டு, இரண்டு கார்ட்ரிட்ஜையும் உள்ளங்கையால் பொத்தி, மெதுவாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். மாஸ்க் கன்னத்தோடு ஒட்டி அப்படியே பத்து விநாடி நிற்க வேண்டும். எங்கேயாவது சில்லென்று காற்று நுழைந்தால் வாரைச் சரிசெய்து மறுபடியும். தாடி இருந்தால் இது நடக்கவே நடக்காது. இரண்டு நாள் முள்தாடி போதும், ஓரத்தில் காற்று புகுந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் மாலை போடுகிறவர்கள் நம் பகுதியில் ஏராளம். அந்த நாட்களில் தாடியும் இருக்கும், காலில் செருப்பும் இருக்காது. சாமியிடம் நாம் எதையும் வற்புறுத்த வேண்டாம். அந்த 41 நாளும் அவரை மாஸ்க்கும் ஷூவும் தேவைப்படாத வேலைக்கு மாற்றிப் போடச் சொல்ல வேண்டும். நான் இருந்த இடத்தில் கார்த்திகை முதல் வாரமே மேஸ்திரிகளிடம் மாலை போட்டவர்கள் பட்டியல் வாங்கிவிடுவேன். ஸ்டோர், பெயின்ட் கணக்கு, கேட் பதிவு என்று பிரித்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

கார்ட்ரிட்ஜ் தண்ணீர்ப் பானை மாதிரி. நிரம்பியதும் வழியும். வாடை தெரிய ஆரம்பித்தால் அது ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வேலை இல்லாதபோது ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். ஆணியில் தொங்கவிட்டால் நம் கடலோரக் காற்றின் ஈரத்தையும் ஷெட்டில் இருக்கிற ஆவியையும் இழுத்துக்கொண்டு சும்மாவே தீர்ந்துபோகும்.

கையுறை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அமிலமோ சால்வென்ட்டோ இருக்கிற இடத்தில் துணிக் கையுறை போடுவது வெறும் கையைவிட மோசம். ஊறிப்போய்த் தோலோடு ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும். அதே மாதிரி, டிரில்லிங் மெஷின், லேத் மாதிரிச் சுழல்கிறவற்றில் கையுறையே போடக் கூடாது, விரலோடு சேர்த்து இழுத்துவிடும். கிரைண்டிங்குக்கு மூடியை, அதாவது கார்டைக் கழற்றாமல் ஓட்டுவதுதான் முதல் பாதுகாப்பு. டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் அடித்திருப்பார்கள், பலருக்கு இது தெரியாது. டிஸ்க்கில் போட்டிருக்கிற வேகம் மெஷின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் மாட்டவே கூடாது. சாதாரண நாலு அங்குல மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவுக்கு ஓடும். அந்த வேகத்தில் டிஸ்க் உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். கண்ணாடி மட்டும் போதாது, அதற்கு மேல் முகம் முழுக்க மறைக்கிற ஷீல்டும் வேண்டும்.

உயரத்தில் ஏறுகிற வேலையும் அவருக்கு வரும் என்பதால் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம். கடலோரம் என்பதால் உப்பு எல்லாவற்றையும் அரிக்கும். கொக்கியின் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டால் தானாகப் படக்கென்று மூட வேண்டும். பாதியில் நின்றால் அந்த பெல்ட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எதில் மாட்டுகிறோம் என்பது அதைவிட முக்கியம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, பிழைக்க வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். ஏறி நிற்கிற சாரமே சரிந்தால், அதிலேயே மாட்டிய பெல்ட் அதோடு சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போகும். சாரத்தைத் தகுதியானவர் பார்த்து டேக், அதாவது சோதித்ததற்கான அட்டை, போட்டிருக்கிறாரா என்று ஏறுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

ஷூவுக்குப் பிடித்த 900 ரூபாய். அது தப்பு, சட்டப்படியே தப்பு. சட்டம் கேட்கிற பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 114-ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக 2020-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்கிற எதற்கும் காசு வாங்கக் கூடாது என்பது அதிலும் இருக்கிறது. வேலைக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. உங்கள் வீட்டுக்காரரிடம் அது இருக்கிறதா? "கான்ட்ராக்ட் ஆளுதானே" என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. கான்ட்ராக்டர் மூலம் வந்தாலும் அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளிதான். ஷூவில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 15298 என்ற எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். காசையும் பிடித்துக்கொண்டு முத்திரை இல்லாத ஷூவைக் கொடுத்திருந்தால் அது இரண்டாவது தப்பு.

இதையெல்லாம் கேட்டால் "நாளையிலிருந்து வராதே" என்பார்களே என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டுகிற வீட்டில் தைரியமாகப் பேசு என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அதனால் கேட்கிற விதத்தைச் சொல்கிறேன். தனியாகக் கேட்க வேண்டாம். அந்த டேங்கில் இறங்கப் போகிற நாலைந்து பேர் சேர்ந்து, காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கிற டூல்பாக்ஸ் டாக் என்கிற சின்னக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் கேட்கட்டும். புகாராக இல்லாமல் சந்தேகமாக: "சார், இந்த டேங்கில் முன்னால என்ன இருந்தது? ரீடிங் எவ்வளவு வந்தது?" கான்ட்ராக்டரிடம் கேட்பதைவிடக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்பது நல்லது. ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் இப்படி வந்து கேட்ட ஆட்களை நான் ஒருநாளும் தொந்தரவாக நினைத்ததில்லை. எனக்குத் தெரியாத கசிவுகளைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அப்படியும் அசையவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது, தலைமை அலுவலகம் கிண்டியில். கடிதம் நீங்களே எழுதலாம், சங்கம் மூலமாகவும் போகலாம். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதியலாம். எழுதும்போது பொதுவாகப் "பாதுகாப்பு இல்லை" என்று எழுதினால் பலன் இருக்காது. எந்த டேங்க், எந்தத் தேதி, கேஸ் டெஸ்ட் இல்லாமல் எத்தனை பேர் இறங்கினார்கள், என்ன மாஸ்க் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள்.

வீட்டு விஷயம் இரண்டு. அவருடைய வேலை உடையைக் குழந்தைகளின் துணியோடு போடாதீர்கள். உதறாதீர்கள், உதறினால் தூசி உங்கள் மூச்சில் போகும். தனி வாளியில் தண்ணீரில் அமிழ்த்தி ஊறவைத்து, தனியாகத் துவையுங்கள். அதைவிட நல்லது, கம்பெனியிலேயே குளித்து வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருவது. அந்த ஷூவும் வாசல் தாண்டி உள்ளே வர வேண்டாம்.

இன்னொன்று, ஒரு சின்ன நோட்டு போடுங்கள். அன்றைக்கு என்ன வேலை, தலைவலி எத்தனை மணிக்கு வந்தது, லீவு நாளில் இருந்ததா இல்லையா என்று இரண்டு வாரம் எழுதுங்கள். வேலை நாளில் வந்து லீவு நாளில் போய்விட்டால் காரணம் வேலையிடம்தான் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். இருமலுக்கு மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் காலம் தள்ளாதீர்கள். இரண்டு மாதம் என்பது நீண்ட இருமல், சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவருக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்க வேண்டும். சம்பளத்தில் அதற்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற கான்ட்ராக்டர்களும் உண்டு, அதனால் அவருடைய 10 இலக்க இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து எழுதி வாங்கினால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். டாக்டரிடம் "இருமல்" என்று மட்டும் சொல்லாமல் நோட்டையும், டிரம்மில் இருந்த பெயர் எழுதிய காகிதத்தையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஷட்டவுன் தேதிக்கு முன்னாலேயே போய் வந்துவிடட்டும். இருமலோடும் தலைவலியோடும் இருக்கிறவரை டேங்குக்குள் அனுப்பக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை கம்பெனி பாதுகாப்பு அதிகாரியிடம் நேரில் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.